கம்பு பிடித்தவள்

எங்கள் கல்லூரியில் அவளுக்குக் கொக்கு என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதுமில்லை, பார்த்தாலே போதும். வகுப்பில் ஆண்பிள்ளைகளையும் சேர்த்து அவள்தான் நெட்டை. அந்த உயரத்தை யாரிடமிருந்தோ திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பாள்.

நான் அங்கே சர்வே கருவி அறைக்குப் பொறுப்பு. பிள்ளைகள் ஸ்டோர் அக்கா என்று கூப்பிடுவார்கள். காலையில் கருவிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், சாயங்காலம் திரும்ப வாங்கித் துடைத்து அடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முக்காலியின் காலில் சேற்றோடு வந்து நிற்கிறவனை அவன் அப்பன் ஆத்தாளையும் சேர்த்து விசாரித்துத்தான் உள்ளே விடுவேன். எனக்குப் பயந்து பேராசிரியர்களே கருவியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட வாய் இந்த விஷயத்தில் எங்கே போயிற்று என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கொக்கின் அப்பா பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். அந்தச் சத்தத்திலேயே முப்பது வருடம் இருந்து காது மந்தமாகிவிட்டது. அம்மா துணித் தொழிற்சாலையில் சட்டைக் காலர் மட்டும் தைப்பவள். கை, பை, பொத்தான் எதுவும் தெரியாது, காலர்தான். இரண்டு அறை வீடு. அப்பாவிடம் எதைச் சொல்வதானாலும் இரண்டு தடவை கத்த வேண்டும். தம்பி கத்துவான், அம்மா கத்துவாள். இவளுக்குக் கத்த வராது, அதனால் சொல்வதையே விட்டுவிட்டாள். வீட்டில் விட்டது வகுப்பிலும் தொடர்ந்தது. மூன்று வருடத்தில் அவள் குரலை நான் கேட்டது, கையெழுத்துப் போடப் பேனா கேட்டபோதுதான்.

கடைசி வருடம் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். பிள்ளைகள் முதல் மணி நேரத்திலேயே குழு சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது இவள் ஒருத்தி. இரண்டே பேர் இருந்த ஒரு குழுவில் துறைத் தலைவர் இவளைத் தூக்கிப் போட்டார். அந்த இருவரில் ஒருவனை மேனேஜர் என்போம். இருபது வயதிலேயே கக்கத்தில் ஃபைல் இல்லாமல் நடக்கமாட்டான். இன்னொருத்தி அச்சு. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பேர். இவளைப் பார்த்ததும் இருவர் முகமும் போன போக்கை நான் பார்த்தேன். மறைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

வேலை என்னமோ நல்ல வேலைதான். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. மழை பெய்தால் தண்ணீர் போக வழி கிடையாது. அங்கே வடிகால் கட்டுவதாக நகராட்சி முடிவு செய்திருந்தது. ஆனால் மட்டம் எடுக்க அவர்களிடம் ஆளில்லை. எங்கள் பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள் என்று துறைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். சந்தின் மேல் முனையிலிருந்து கீழ் முனையில் இருக்கும் பெரிய வாய்க்கால் வரைக்கும் தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் வடிகாலின் சரிவு.

மட்டம் எடுப்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முக்காலியின் மேல் கருவியை வைத்து ஒருவர் பார்ப்பார். தூரத்தில் ஒருவர் எண் போட்ட நாலு மீட்டர் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். கருவிக்குள் எந்த எண் தெரிகிறதோ அதை மூன்றாவது ஆள் எழுதிக்கொள்வார். எண் பெரிதாக வந்தால் அந்த இடம் பள்ளம், சிறிதாக வந்தால் மேடு. அவ்வளவுதான். மேனேஜர் பார்ப்பது, அச்சு எழுதுவது, கொக்கு கம்பு பிடிப்பது என்று முதல் நாளே தீர்மானமாகிவிட்டது. கம்பு பிடிக்க வாய் எதற்கு, உயரம் போதாதா என்று மேனேஜர் என் எதிரிலேயே சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்திருக்கும் மூன்று துண்டு. மேலே இழுத்தால் ஒரு குமிழ் டக்கென்று விழுந்து துண்டு நிற்கும். என்னிடம் இருந்தவை நான்கு. இரண்டை வேறு குழுக்கள் வாங்கிப்போய்விட்டன. ஒன்று உடைந்தது. மீதி இருந்ததில் இரண்டாம் துண்டின் குமிழ் தேய்ந்துபோயிருந்தது. புதியது வேண்டும் என்று இரண்டு வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்றுதான் பதில் வந்தது. கொடுக்கும்போது, மேல் துண்டு டக்கென்று விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஆனால் யாரிடம் சொன்னேன் தெரியுமா? ஃபைலை வைத்துக்கொண்டிருந்த மேனேஜரிடம். அவன் தலையை ஆட்டினான், வெளியே போனதும் மறந்துவிட்டான். கம்பு பிடிக்கப்போகிறவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மூன்று மாதம், வாரக் கடைசியில் எல்லாம் அந்தச் சந்தில் கிடந்தார்கள். முதல் வாரம் கம்பைச் சாய்த்துப் பிடித்ததற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது வாரம் கம்பு அசையவில்லை. ஒருநாள் மூவரும் கருவியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது வாசலிலேயே சிரிப்புச் சத்தம். தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வந்து முக்காலியை இடிக்கப் பார்த்திருக்கிறது. மேனேஜர் கருவிக்குள் கண்ணை வைத்திருந்ததால் பார்க்கவில்லை. கொக்கு கம்பைக் குறுக்கே நீட்டி, "நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டானாம். அச்சு அவளைப் போலவே கத்திக் காட்டினாள். கொக்கு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தேன். கதவு நிலை தலையில் இடித்தது.

அதற்கப்புறம் அவள் வேறு ஆள். மேனேஜரை நான் குறை சொல்லப்போவதில்லை, அவன்தான் அவளைக் கருவிக்குள் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான். அச்சு கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தாள். மூவரும் என் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். எண் தப்பு என்று இவள் சொல்ல, இல்லை என்று அவன் சொல்ல, திரும்பப் போட்டால் இவள் சொன்னதே சரியாக இருக்கும். வீட்டில் அப்பாவிடம் ஒருநாள் இரண்டு தடவை கத்தி, மட்டம் எடுப்பது எப்படி என்று விளக்கினாளாம். அவர் தலையாட்டிவிட்டு, பணிமனையில் எல்லாரிடமும் என் மகள் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். பேனா மட்டும் கேட்ட பெண் அவள்.

சந்தின் கடைசி வீட்டில் இஸ்திரி போடும் அம்மா ஒருத்தி இருந்தாள். வீட்டுத் தரை சந்தைவிட ஒரு படி பள்ளம், உள்ளே போக இறங்கித்தான் போக வேண்டும். புருஷனுக்குப் பக்கவாதம், கட்டிலோடு கிடப்பவர். ஊர்த் துணிக்கெல்லாம் வாசலில் பெட்டி போட்டுக்கொண்டே அந்த அம்மா அவரையும் பார்த்துக்கொள்வாள். வெயிலில் கம்போடு நிற்கும் கொக்குக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டது அவள்தான். குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள், தலைக்குத் துணி கொடுப்பாள். கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். இந்த வருஷம் தண்ணீர் உள்ளே வராதில்லையா பாப்பா என்பாள். வராதும்மா என்று கொக்கு சொல்வாள். யாரிடமும் வாயைத் திறக்காத பெண்ணுக்குத் தன் வார்த்தையை ஒருவர் நம்புகிறார் என்பதே பெரிய சந்தோஷமாக இருந்திருக்கிறது.

கம்பின் மேல் துண்டு கையில் லேசாக இறங்குகிற மாதிரி அவளுக்கு முதல் மாதமே தோன்றியிருக்கிறது. ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். எண் நன்றாகத் தெரிகிறது, நீ பேசாமல் பிடி என்றானாம் மேனேஜர். பார்க்கிறவனுக்குத் தெரியாததா பிடிக்கிறவளுக்குத் தெரிந்துவிடும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வேலை முடிந்து கீழ் முனையிலிருந்து மேல் முனைக்கு மறுபடி அளந்துகொண்டே திரும்பி வந்தார்கள். தப்பு இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் கணக்கும் கிளம்பிய எண்ணுக்கே வர வேண்டும். மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வந்தது. அந்தத் தூரத்துக்கு அது அபாரம். துறைத் தலைவர் அறிவிப்புப் பலகையில் அந்தப் பக்கத்தையே ஒட்டிவைத்தார். நகராட்சிக்குக் கல்லூரி முத்திரையோடு அறிக்கை போயிற்று. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இருபத்திரண்டு சென்டிமீட்டர் இறக்கம். தண்ணீர் ஓட அது தாராளம்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கருவிகளைத் தயார் செய்ய எனக்கு ஒத்தாசையாகக் கொக்கு வந்திருந்தாள். அவளே ஆசைப்பட்டு வந்தாள். சந்தில் தான் பிடித்த அதே கம்பை நீட்டித் தரையில் நிறுத்திவிட்டு, என் மேஜையிலிருந்த டேப்பை எடுத்து விளையாட்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு விளையாட்டாக இல்லாமல் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். இரண்டாம் துண்டு நாலு சென்டிமீட்டர் இறங்கி உட்கார்ந்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அவள்தான் விளக்கினாள். கீழ்த் துண்டில் எண் விழுந்தால் சரியாக இருக்கும். மேல் துண்டில் விழுந்தால் நாலு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அதாவது அந்த இடம் உள்ளதைவிடப் பள்ளமாகத் தெரியும். சந்தில் இறங்கிப் போகும்போது கருவியை ஐந்து இடத்தில் மாற்றி வைத்தார்கள். ஐந்திலும், மேல்பக்கம் பார்த்தபோது எண் கீழ்த் துண்டிலும், கீழ்ப்பக்கம் பார்த்தபோதெல்லாம் மேல் துண்டிலும்தான் விழுந்தது. ஐந்து நாலு இருபது. அப்படியானால் திரும்பி வந்து பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டுமே என்றேன்.

"தெரியாதுக்கா," என்றாள். "போறப்ப எவ்வளவு ஏமாத்துச்சோ, வர்றப்பவும் அவ்வளவே ஏமாத்தியிருக்கு. ரெண்டும் கழிஞ்சு போச்சு. நோட்டப் பாத்தா யாருக்கும் தெரியாது. புடிச்சவளுக்கு மட்டும்தான் தெரியும்."

அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்காமலே இருந்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மறுநாளே மூவரும் வேறு நல்ல கம்பை வாங்கிக்கொண்டு சந்துக்குப் போனார்கள். வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தது. தோண்டுகிற ஆட்களை ஒதுங்கச் சொல்லி மறுபடி அளந்தார்கள். இருபத்திரண்டு இல்லை, இரண்டு. இரண்டே சென்டிமீட்டர். அந்தச் சரிவில் தண்ணீர் போவதா வேண்டாமா என்று நிற்கும். பெரிய வாய்க்கால் நிரம்பினால் அங்கிருக்கிற சாக்கடை சந்துக்குள்ளே திரும்பி வரும். வடிகால் இல்லாதபோது மழைத் தண்ணீர்தான் வந்தது, இனிமேல் வாய்க்காலே வரும். மேனேஜர் தோண்டிப் போட்ட மண் மேல் உட்கார்ந்து, ஸ்டோர் அக்கா என்னிடம்தானே சொன்னார்கள், என்னிடம்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். அச்சு அழுதாளாம். கொக்கு மட்டும் எண்களை எழுதி முடித்தாள்.

மூவரும் துறைத் தலைவரிடம் போனார்கள். நான் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சாக்கில் அந்த அறையில் நின்றேன். முதலில் அவர் நம்பவில்லை. மூன்று மில்லிமீட்டர் பக்கத்தை எடுத்துக் காட்டி, இதில் தப்பு எங்கே என்று கேட்டார். மேனேஜரும் அச்சுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொக்கு எழுந்து கரும்பலகையில் ஐந்து இடத்தையும் வரைந்து, எங்கெங்கே எப்படி ஏமாற்றியது என்று காட்டினாள். புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. புரிந்த மனிதர்தான் அப்புறம் அப்படிப் பேசினார்.

"வைவா முடியட்டும். அப்புறம் நானே நகராட்சிக்கு எழுதறேன். இப்ப வெளிய போனா உங்க மூணு பேருக்கும் ஒரு வருஷம் போயிடும், காலேஜ் பேரும் போயிடும். பத்து நாள்தானே? வாயத் திறக்காதீங்க."

மேனேஜருக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது, தேர்வு முடிந்த மறுவாரம் சேர வேண்டும். அச்சுவுக்கு மேல்படிப்பு. இருவரும் சரி என்றார்கள். கொக்கும் சரி என்றாள். இதை மறைத்தால் அவளைத் தெய்வமாக்கிய மாதிரி ஆகிவிடும். அவளும்தான் சரி என்றாள். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் கத்திச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சேர்ந்து செய்ததற்கு நீ மட்டும் எதற்குத் தலையைக் கொடுக்கிறாய், படிப்பை முடி என்றாராம் அவர். பெற்றவர் வேறென்ன சொல்வார்?

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அளவு எவ்வளவு துல்லியம் என்று கேட்டார். மூன்று மில்லிமீட்டர் என்று மேனேஜர் சொன்னான். தேர்வாளர் கொக்கைப் பார்த்து, நீங்கள் என்ன செய்தீர்கள் என்றார். கம்பு பிடித்தேன் என்றாள். அந்தக் குழுவுக்குத்தான் முதல் மதிப்பெண்.

அதே நாள் கொக்கு சந்துக்கு ஓடினாள். பத்து நாளில் பாதிச் சந்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. மீதிப் பாதி பள்ளமாகக் கிடந்தது. அதை இன்னும் ஆழமாகத் தோண்டினாலாவது கொஞ்சம் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு நகராட்சி இன்ஜினியரிடம் போனாள். துறைத் தலைவர் எழுதுவதாகச் சொன்ன கடிதம் அங்கே வந்து சேரவில்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுதாகக் கேட்டார். ஆனால் முத்திரை வைத்த தாளில் மூன்று மில்லிமீட்டர் என்றிருக்கும்போது, ஒரு மாணவி வாயால் சொல்வதை ஃபைலில் எப்படி வைப்பது என்றார். அந்தக் கம்பு பழுது என்று கருவி அறையிலிருந்து ஒரு வரி எழுதி வாங்கி வா, வேலையை நிறுத்திவைக்கிறேன் என்றார்.

கருவி அறை என்றால் நான்தான்.

மூச்சு வாங்க வந்து நின்றாள். ஒரே ஒரு வரிக்கா என்றாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கம்பைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் கடைசியாகக் கொடுத்த தேதிக்கு நேரே "நல்ல நிலை" என்று எழுதச் சொல்லியிருந்தார். எழுதிவிட்டேன். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். காரணம் சொல்ல ஆயிரம் கிடைக்கும். எழுதியது என் கைதான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சாரைக் கேட்டுத்தான் எழுத முடியும்மா என்றேன். அவள் பார்வை பதிவேட்டின் மேல் போயிற்று. திறந்துதான் கிடந்தது. படித்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அங்கிருந்து நேரே சந்துக்காரர்களிடம் போயிருக்கிறாள். ஒவ்வொரு வாசலாக நின்று, இந்த வடிகாலில் தண்ணீர் போகாது, நாங்கள் தப்பாக அளந்துவிட்டோம், எல்லாரும் சேர்ந்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். வாசலுக்கு வாசல் குரலை உயர்த்தித்தான் சொல்லியிருக்கிறாள். பத்து வருடம் அலுவலக வாசலில் நின்று வாங்கிய வடிகால் அது. அவர்களுக்கு எப்படி இருக்கும்? கெடுக்க வந்தாயா என்று ஒருவர் கேட்டார். எந்தக் கட்சிக்காரன் அனுப்பினான் என்று இன்னொருவர். இஸ்திரிக்கார அம்மாதான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாளாம்.

"பாப்பா, பரிட்சை முடிஞ்ச அலுப்பு உனக்கு. படிச்சு படிச்சு மூளை சூடாயிருக்கு. அத்தன பெரியவங்க பாத்து முத்திரை வெச்சது தப்பா இருக்குமா? வீட்டுக்குப் போய்ப் படு."

அடுத்த வாரம் மீதிப் பாதிக்கும் கான்கிரீட் போட்டு மேலே பலகைக் கல் மூடிவிட்டார்கள். மேனேஜர் வேலையில் சேரப் போனான். போவதற்கு முன்னால் கொக்கைப் பார்க்க வந்து, என் அறை வாசலில் அரைமணி நேரம் நின்றான். அவள் வரவில்லை. ஃபைல் இல்லாமல் அவனை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அச்சு தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாள். துறைத் தலைவரின் கடிதம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. எதிர்காலத்தில் சரிவை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதில் எழுதியிருந்ததாம். நகராட்சியில் அது கிணற்றில் போட்ட கல்தான்.

மழை ஐந்து வாரம் கழித்து வந்தது. பெரிய மழைகூட இல்லை, ஒரு பகல் பெய்தது. மறுநாள் காலை கொக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்கா, வாங்க என்றாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சந்தில் வடிகாலை மூடிய பலகைக் கற்களின் இடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வெளியே வந்துகொண்டிருந்தது. போகவேண்டிய தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்தவர்கள் திட்டியிருக்கலாம். வாளியும் முறமுமாகத் தங்கள் வாசலை இறைத்துக்கொண்டே தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடைசி வீட்டில் தண்ணீரை இறைத்தாகிவிட்டது, சேறு போகவில்லை. சுவரில் முழங்காலுக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு. ஊர்த் துணிகளெல்லாம் மூட்டை மூட்டையாக நனைந்து நாறிக் கிடந்தன. கட்டிலில் அந்த மனிதர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இடுப்புவரை போர்வை ஈரம். தண்ணீர் ஏறியபோது அந்த அம்மா துணி கொடுக்க மேல் தெருவுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிட்டது. அவரால் கூப்பிட முடியாது, வாய் கோணிப்போனவர். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது.

கொக்கு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி வாங்கத்தான் அவள் வந்தாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மா அடிக்கவில்லை. எங்கிருந்தோ பொறுக்கிக் கொண்டுவந்த செங்கற்களைக் கட்டில் பக்கத்தில் இறக்கிவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"கட்டிலத் தூக்கி வெக்கணும். எத்தன கல்லு வெச்சா இவர் மேல ஏறாது? நீ அளந்து சொல்லு பாப்பா. நீ சொன்னா சரியாயிருக்கும்."

கொக்கு உள்ளே இறங்கினாள். சேற்றில் மண்டியிட்டு, சுவரின் கோட்டையும் கட்டில் காலையும் சாணால் அளந்தாள். வாசலுக்குப் போய் வடிகாலின் விளிம்பைப் பார்த்துவிட்டு வந்தாள். வாய்க்கால் முழுதாக நிரம்பினால் தண்ணீர் எதுவரை வரும் என்று கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"ஆறும்மா," என்றாள். "ஒவ்வொரு காலுக்கும் ஆறு. நேத்து பேஞ்சது பாதி மழதான்."

அந்த அம்மா ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"ஆறு வெச்சா அவ்வளவு உசரத்துலருந்து அவர நான் எப்படி இறக்கறது? ஒருத்தியா?"

கொக்கு கட்டில் காலை மறுபடி சாணால் அளந்தாள். அந்த அம்மாவே, நாலு போதும் என்றாள். நாலு போதாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தலைமாட்டையும் கொக்கு கால்மாட்டையும் பிடித்து அவரோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கினோம். அந்த அம்மா கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு காலுக்கும் நாலு நாலாகக் கல்லை அடுக்கினாள்.